முடியட்டும், பிறகு பார்க்கிறேன்

பதினொன்றாம் வகுப்பில் ஈர்ப்பியல் பாடம் எடுக்கும்போது, கெப்ளர் விதிகளை முடித்த கையோடு ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். ஒரு சூரியன், ஒரு கோள் என்றால் அது சுற்றும் பாதையைக் கணக்கிட்டுவிடலாம். வானத்தில் மூன்று சூரியன்கள் இருந்து, மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தால்? பிள்ளைகள் ஆர்வமாக நோட்டைத் திறப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பேனாவாக நிற்கும். நியூட்டனின் விதிகள் இரண்டு பொருள்களுக்குத் தரும் தெளிவான விடையை மூன்றுக்குத் தருவதில்லை. எல்லா நிலைமைக்கும் பொருந்துகிற எளிய சூத்திரம் அதற்குக் கிடையாது. ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் 60-ஆவது பிறந்த நாளை ஒட்டி 1880களில் அறிவிக்கப்பட்ட கணிதப் பரிசுப் போட்டிக்காக, பிரான்ஸைச் சேர்ந்த ஆன்ரி புவான்காரே இந்தக் கணக்கில் இறங்கினார். தொடக்கத்தில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் போதும், காலம் போகப்போகப் பாதைகள் அடையாளம் தெரியாதபடி மாறிவிடும் என்று கண்டு சொன்னார்.

இதே கணக்கின் மேல் ஒரு நாவலையே கட்டியவர் லியூ சிஷின். சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் ஓர் அனல்மின் நிலையத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். ‘தி த்ரீ பாடி பிராப்ளம்’ 2006-இல் ஒரு சீன அறிவியல் புனைகதை இதழில் தொடராக வந்து, 2008-இல் புத்தகமானது. கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே ஹியூகோ விருதைப் பெற்றது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் முறை. மூன்று சூரியன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஓர் உலகம். எப்போது விடியும், எப்போது எரியும், எப்போது உறையும் என்று சொல்ல முடியாத வானம். அங்கிருந்து தப்பிக்க நினைக்கும் ஓர் இனம் நம் பூமியைக் கண்டுகொள்கிறது. நாவலின் களமான ஆல்ஃபா சென்டாரி நிஜத்தில் அப்படிக் கொந்தளிப்பதில்லை என்பதையும் மாணவிகளிடம் சொல்லிவிடுவேன். அங்கே இரண்டு விண்மீன்கள் சுமார் 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. மூன்றாவதான பிராக்ஸிமா வெகுதூரம் தள்ளி, ஒரு சுற்றுக்கு 5 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு, தன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் அந்த நாவலைப் படித்தபின் மூன்று பொருள் கணக்கை வெறும் கணக்காக நடத்த எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் 2024 மார்ச் 21-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் ‘3 பாடி பிராப்ளம்’ தொடர் வெளியானபோது, முதல் ஆளாக நான் உட்கார்ந்துவிடுவேன் என்று என்னைத் தெரிந்த எல்லோரும் நினைத்தார்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வு முடியப்போகிற வாரம் அது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் அன்றிரவே போன் செய்தான். எட்டு எபிசோடையும் வார இறுதிக்குள் முடித்துவிடலாம், ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே பேசலாம் என்று திட்டம் போட்டிருந்தான். நான் பார்க்கப் போவதில்லை என்றதும் அவனுக்குக் கோபமே வந்துவிட்டது.

“சீனாவுல நடக்கிற கதையை லண்டனுக்குக் கொண்டுபோயிட்டாங்கன்னா அத்தை? புக்கைப் படிச்சவங்க எல்லாருமே இப்படித்தான் பேசுறாங்க.”

“அதுக்காக இல்ல கண்ணா. கதையை மாத்தினா மாத்திட்டுப் போகட்டும். முடிப்பாங்களான்னு தெரியல.”

அந்த மார்ச் மாதத்தில் நிலைமை அதுதான். எட்டு எபிசோட்கள் வெளியாகியிருந்தன. அடுத்த சீசன் உண்டா என்பதை யாரும் உறுதி சொல்லவில்லை. ஒரு எபிசோடுக்குச் சுமார் 2 கோடி டாலர் செலவு என்று செய்திகள் வந்தன. மூல நாவலோ மூன்று பாகம். இத்தனை கோடி விண்மீன்கள் இருந்தும் நம்மோடு ஏன் ஒருவரும் பேசவில்லை என்ற பெரிய கேள்விக்கு லியூ சிஷின் தரும் பதில் இரண்டாம் பாகத்தில்தான் வருகிறது. அந்தப் பதிலின் விளைவுகளைச் சொல்லவே மூன்றாம் பாகம் முழுவதும் தேவைப்படுகிறது. முதல் பாகத்தோடு நின்றுபோனால் அது கேள்வி மட்டும்தான்.

கதை நின்றுபோகும் என்று நான் ஏன் பயந்தேன் என்பதற்கு ‘1899’ என்று பெயர் சொன்னாலே அறிவியல் புனைகதை பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும். ‘டார்க்’ என்ற ஜெர்மன் தொடரை எடுத்த பாரன் போ ஓடார், யான்ட்யே ஃப்ரீஸ தம்பதி அடுத்து எடுத்த தொடர் அது. புலம்பெயர்வோரை ஏற்றிக்கொண்டு நியூயார்க் நோக்கிப் போகும் கெர்பரோஸ் என்ற நீராவிக் கப்பல், மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த இன்னொரு கப்பலின் சமிக்ஞையைப் பிடிக்கிறது. ஒவ்வொரு பயணியும் அவரவர் தாய்மொழியிலேயே பேசுகிறார். பக்கத்தில் இருப்பவர் சொல்வது புரியாமலே அதற்குப் பதில் சொல்கிறார். மொழி தெரியாத இருவர் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்ளும் காட்சிகளை அதற்கு முன் நான் எந்தத் தொடரிலும் அப்படிப் பார்த்ததில்லை. எட்டாவது எபிசோடின் கடைசி நிமிடங்களில், அதுவரை பார்த்த அத்தனைக்கும் வேறு பொருள் இருக்கிறது என்று தெரியவருகிறது. அங்கே முதல் சீசன் முடிகிறது.

2022 நவம்பர் 17-இல் வெளியான தொடர். பல நாடுகளில் முன்னணிப் பட்டியலில் இருந்தது. 2023 ஜனவரி 2-ஆம் தேதி, அடுத்த சீசன் கிடையாது என்று ஓடாரே இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். ஏழு வாரம்கூட ஆகவில்லை. ‘டார்க்’ போலவே மூன்று சீசன்களில் முடிக்கத்தான் அவர்கள் திட்டமிட்டிருந்தார்கள். கதை அவர்கள் மனத்தில் முழுமையாக இருக்கிறது. நமக்கு வந்து சேர்ந்தது மூன்றில் ஒரு பங்கு.

தொடர்கள் பாதியில் நிற்பது புதிதல்ல, எல்லா வகையிலும் நடக்கிறது. ஆனால் அறிவியல் புனைகதைக்கு அது அதிகமாக வலிக்கும். ஒரு குடும்பத் தொடர் இடையில் நின்றுபோனால், அந்த மனிதர்களோடு பழகிய நாட்கள் நமக்கு மிச்சம். மருத்துவமனைத் தொடரில் அந்த வாரத்து நோயாளி அந்த வாரமே பிழைப்பார், அல்லது இறப்பார். அறிவியல் புனைகதையோ பெரும்பாலும் முதல் எபிசோடிலேயே ஒரு புதிரைக் கையில் கொடுத்துவிடுகிறது. இந்த உலகம் எந்த விதிப்படி இயங்குகிறது என்பதே புதிர். கடைசியில் வரும் விடைதான், முன்பு பார்த்த ஒவ்வொரு காட்சிக்கும் திரும்பிப் போய் அர்த்தம் கொடுக்கும். அது வராவிட்டால் பார்த்தவையும் அர்த்தம் இழக்கின்றன.

2009-இல் அமெரிக்காவின் ஏபிசி ஒளிபரப்பிய ‘ஃபிளாஷ்ஃபார்வர்ட்’ இதற்குப் பொருத்தமான உதாரணம். ராபர்ட் ஜே. சாயரின் நாவலிலிருந்து எடுத்தது. உலகத்தில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் 137 வினாடிகள் மயங்கி விழுகிறார்கள். அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் 2010 ஏப்ரல் 29-ஆம் தேதியில் தனக்கு நடக்கப்போவதைப் பார்த்துவிடுகிறார்கள். ஒருவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்படியென்றால் அன்று அவர் உயிரோடு இருக்க மாட்டாரா? இதைவிட நல்ல தொடக்கம் ஒரு தொடருக்கு அமையாது. 22 எபிசோட்கள் வந்தன. கடைசி எபிசோட் இன்னொரு மயக்கத்தோடு, இன்னும் பெரிய கேள்விகளோடு நிற்கிறது. அது ஒளிபரப்பாவதற்கு முன்பே தொடரை நிறுத்துவதாக ஏபிசி அறிவித்திருந்தது.

இப்படி நின்றுபோவதற்குக் காரணம் பணம். குடும்பத் தொடருக்கு ஒரு வீடு போதும். அறிவியல் புனைகதைக்கு விண்கலத்தின் கதவுப்பிடிகூடப் புதிதாகச் செய்யப்பட வேண்டும். செலவு அதிகம், பார்க்கும் கூட்டமோ பெரும்பாலும் சிறியது. பழைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் வருமானம் முழுக்க விளம்பரத்திலிருந்து வந்தது. நீல்சன் நிறுவனம் மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளில் எந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்று அளந்தது. அதிலும் 18 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்தே விளம்பர விலை பேசப்பட்டது. அந்த எண் இறங்கினால் தொடர் வெள்ளிக்கிழமை இரவுக்குத் தள்ளப்படும். இளைஞர்கள் வெளியே போய்விடுகிற இரவு அது. பிறகு நிறுத்தப்படும்.

‘ஸ்டார் டிரெக்’ தொடருக்கு நடந்தது இதுவே. 1967 இறுதியில் இரண்டாம் சீசனோடு அதை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் தம்பதி ஒரு கடித இயக்கத்தைத் தொடங்கினார்கள். என்பிசி நிறுவனத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. கால்டெக் மாணவர்கள் பர்பாங்க்கில் உள்ள அதன் அலுவலகத்துக்கே ஊர்வலம் போனார்கள். 1968 மார்ச் 1-ஆம் தேதி, அன்றைய எபிசோட் முடிந்ததும், தொடர் தொடரும் என்று என்பிசி ஒளிபரப்பிலேயே அறிவித்தது. மூன்றாம் சீசன் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளப்பட்டு, 1969 ஜூனில் நின்றது என்பது வேறு விஷயம். அந்த மூன்றாம் சீசனால் மொத்தம் 79 எபிசோட்கள் ஆயின. உள்ளூர் நிலையங்கள் விலைக்கு வாங்கித் தினமும் மறு ஒளிபரப்புச் செய்ய அந்த எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. மறு ஒளிபரப்பில்தான் ஸ்டார் டிரெக் உலகம் முழுக்கப் போனது. எண்பதுகளில் சென்னையில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பக்கத்து வீட்டு மாமியின் கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தூர்தர்ஷனில் நான் ஸ்பாக்கைப் பார்த்தேன். அந்தக் கடிதங்களை எழுதியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இயற்பியல் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அந்த ஞாயிறுகளில்தான்.

இப்போது ஓடிடி காலம். ஒளிபரப்பு நேரமும் வெள்ளிக்கிழமை இரவும் பொருட்டில்லை. அதனால் நிலைமை நல்லபடியாக மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. சந்தா கட்டுபவர்களைப் புதிதாகச் சேர்ப்பதும், சேர்ந்தவர்களைப் போகாமல் வைத்திருப்பதும்தான் இந்த நிறுவனங்களின் கவலை. புதிய தொடர் என்றால் புது ஆட்கள் வருவார்கள். நான்காவது சீசனைப் பார்க்க, முதல் மூன்றையும் பார்த்தவர்தான் வருவார். சீசன் கூடக்கூட நடிகர்களின் சம்பளமும் தயாரிப்புச் செலவும் ஏறும். ஆகவே முதல் சில வாரங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், அவர்களில் எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்ற கணக்கு தொடரின் தலையெழுத்தாகிவிடுகிறது. ‘1899’ நின்ற அதே ஜனவரியில், நெட்ஃபிளிக்ஸின் தலைவர்களில் ஒருவரான டெட் சரண்டோஸ் ஒரு பேட்டியில், வெற்றிபெற்ற எந்தத் தொடரையும் தாங்கள் நிறுத்தியதில்லை என்ற பொருளில் பேசினார். சிறிய கூட்டத்துக்குச் சிறிய செலவில் எடுத்தால் எத்தனை காலமும் எடுக்கலாம். நிறுத்தப்பட்டவை பெரிய செலவில் சிறிய கூட்டத்தோடு பேசியவை என்பது அவர் விளக்கம். வியாபாரமாகப் பார்த்தால் நேர்மையான விளக்கம் என்றே சொல்வேன். கதையாகப் பார்த்தால், அறிவியல் புனைகதைத் தொடர்களில் முக்கால்வாசி அந்த இரண்டாம் வகைக்குள்தான் வருகின்றன.

ஓடிடியில் இன்னொரு புது ஆபத்தும் இருக்கிறது. 2022 நவம்பரில் எச்பிஓ ‘வெஸ்ட்வேர்ல்டு’ தொடரை நான்கு சீசன்களோடு நிறுத்தியது. அடுத்த சில வாரங்களில், ஏற்கெனவே வெளிவந்திருந்த நான்கு சீசன்களையும் எச்பிஓ மேக்ஸ் தளத்திலிருந்தே எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. ரிட்லி ஸ்காட் பங்கெடுத்த ‘ரெய்ஸ்டு பை வுல்வ்ஸ்’ தொடருக்கும் அதே கதி. நிறுத்தியது போதாதென்று, இருந்ததும் அங்கிருந்து போய்விட்டது.

என் அண்ணன் மகனுக்கு இதெல்லாம் தெரியும். அவன் வாதம் வேறு.

“எல்லாரும் உங்கள மாதிரி முடியட்டும், முடியட்டும்னு உக்காந்திருந்தா அது எப்படி அத்தை முடியும்? முதல் மாசம் யாரும் பாக்கலைன்னுதான தூக்குறாங்க? நீங்க பாக்காம இருக்கிறதே அதைக் கொல்ற மாதிரி.”

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. பாதியில் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பார்வையாளர் காத்திருக்கிறார். காத்திருப்பதால் எண்ணிக்கை குறைகிறது. குறைந்ததால் பாதியில் விடுகிறார்கள். அடுத்த தொடருக்கு இன்னும் அதிகம் பேர் காத்திருக்கிறார்கள். இந்தச் சுழலில் நானும் ஒரு பங்கு. ரசிகர்கள் முன்வந்து தொடர்களைக் காப்பாற்றிய வரலாறும் உண்டு. ‘தி எக்ஸ்பேன்ஸ்’ தொடரை 2018 மே மாதம் சைஃபை சேனல் கைவிட்டபோது, லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். பணம் திரட்டி, சிறு விமானத்தில் பதாகை கட்டி, அமேசான் ஸ்டுடியோஸ் அலுவலகத்துக்கு மேலே பறக்கவிட்டார்கள். அதே மாதம் விண்வெளி மாநாடு ஒன்றில், நடிகர்கள் முன்னிலையிலேயே, தொடர் காப்பாற்றப்பட்டது என்று ஜெஃப் பேஸோஸ் அறிவித்தார். இன்னும் மூன்று சீசன்கள் வந்தன. வாச்சோவ்ஸ்கி சகோதரிகளின் ‘சென்ஸ்8’ தொடர் 2017-இல் நிறுத்தப்பட்டு, ரசிகர்களின் வற்புறுத்தலால் 2018 ஜூனில் இரண்டரை மணி நேர நிறைவுப் பகுதி ஒன்றைப் பெற்றது. ‘தி ஓஏ’ தொடருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஐந்து பாகமாகத் திட்டமிட்ட கதை இரண்டோடு 2019-இல் நின்றது. ஹாலிவுட்டில் நெட்ஃபிளிக்ஸ் அலுவலகத்துக்கு வெளியே ஒரு ரசிகை உண்ணாவிரதமே இருந்தார். பலனில்லை.

ஆனாலும் அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். கதையை முடிக்கும் பொறுப்பைப் பார்ப்பவர் தலையில் வைக்கக் கூடாது. சொல்லத் தொடங்கியவருக்கும், அவருக்குப் பணம் கொடுப்பவருக்கும் உரியது அது. எனக்கு ஒரு நாளில் மிஞ்சுவது, நோட்டுத் திருத்தி, மறுநாள் பாடக்குறிப்பு எழுதி முடித்த பிறகு, தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். அதை ஒரு தொடருக்குக் கொடுக்கிறேன் என்றால் மனத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். அந்த மனிதர்கள் வகுப்பறைவரை என்கூட வருகிறார்கள். முடிவு தெரியாத கதை நெடுநாள் உள்ளே கிடந்து உறுத்தும்.

கதையின் முடிவைக் கேட்கும் உரிமையைத் தமிழ் வாசகர்கள் விட்டுக்கொடுத்தவர்கள் அல்ல. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. அடுத்த இதழ் வரும், அதற்கடுத்ததும் வரும், அருள்மொழிவர்மனை நடுக்கடலில் விட்டுவிட மாட்டார் என்ற நம்பிக்கையில் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தார்கள். கல்கி 1954 டிசம்பரில் காலமானபோது ‘அமர தாரா’ முடியாமல் நின்றது. அவர் மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். எழுதியவர் உயிரோடு இல்லாத நிலையிலும் வாசகருக்கு முடிவைச் சேர்ப்பிக்க வேண்டும் என்று ஒரு வீடும் ஒரு பத்திரிகையும் நினைத்திருக்கின்றன. என் அம்மா அந்தத் தலைமுறை. தொடர்கதையை இதழிலிருந்து கிழித்து, தைத்து, பைண்டு செய்து வைப்பார். கடைசி அத்தியாயம் வரும்வரை பைண்டு செய்யக் கொடுக்க மாட்டார்.

தொலைக்காட்சியிலும் அந்தப் பொறுப்பைச் சுமந்த ஒருவர் இருக்கிறார். ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. ‘பாபிலோன் 5’ தொடரைத் தொடங்கும்போதே, இது ஐந்து ஆண்டுகளில் முடியும் ஒரே நாவல், தொடக்கமும் நடுவும் முடிவும் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அன்று அது வழக்கமே இல்லை. 110 எபிசோட்களில் 92-ஐ அவரே எழுதினார். எந்த நடிகர் எப்போது விலகினாலும் கதை நிற்காதபடி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வெளிவாசல் யோசித்து வைத்திருந்தார். கதாநாயகனே முதல் சீசனோடு விலகினார், கதை தாங்கிக்கொண்டது. நான்காம் சீசன் நடக்கும்போது, ஒளிபரப்பிய கூட்டமைப்பே கலையும் நிலை. ஐந்தாவது ஆண்டு கிடைக்காது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஸ்ட்ராசின்ஸ்கி முக்கியமான கதை இழைகளை நான்காம் சீசனுக்குள் கொண்டுவந்து முடித்தார். 20 ஆண்டுகள் கழித்து நடக்கும் கடைசி எபிசோடையும் அப்போதே படமாக்கிவிட்டார். கடைசி நேரத்தில் டிஎன்டி சேனல் ஐந்தாம் சீசனை எடுத்துக்கொண்டது. எடுத்து வைத்திருந்த முடிவைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்து, வேறொரு எபிசோடை அந்த இடத்தில் போட்டு, 1998 நவம்பரில் அதற்குரிய நாளில் ஒளிபரப்பினார்கள். நான்காம் சீசனில் கதை மூச்சிரைக்க ஓடுவதும், ஐந்தாம் சீசனின் முதல் பாதி தளர்ந்து போவதும் அதன் விளைவுதான். குறை இருக்கிறது. ஆனால் முழுமையாக இருக்கிறது. ‘சென்ஸ்8’ தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரும் இதே ஸ்ட்ராசின்ஸ்கிதான்.

முடிந்ததை மட்டுமே பார்ப்பேன் என்று நான் பிடிவாதம் பிடிப்பதாக நினைத்துவிட வேண்டாம். ‘ஃபயர்ஃபிளை’ முடியவே முடியாத தொடர். 2002-இல் ஃபாக்ஸ் நிறுவனம் அதை வெள்ளிக்கிழமை இரவில் போட்டது. எபிசோட்களை முன்னும் பின்னுமாக மாற்றி ஒளிபரப்பியது. பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் முதல் எபிசோட், டிசம்பரில் கடைசியாக வந்தது. எடுத்த 14-இல் 11 மட்டும் ஒளிபரப்பாகி நின்றுபோனது. அதை யார் கேட்டாலும் தயங்காமல் பாருங்கள் என்று சொல்வேன். அதில் ஒவ்வொரு எபிசோடும் தன்னளவில் முழுமை. ஒரு பழைய சரக்குக் கலத்தில் ஒன்பது பேர் பிழைப்புக்காக ஓடுகிறார்கள். அந்த வாரத்துச் சரக்கு அந்த வாரம் போய்ச் சேர்ந்துவிடும். அவர்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதைக் கேட்பதற்கே பார்க்கலாம். ‘தி டுவைலைட் ஸோன்’, ‘பிளாக் மிரர்’ போன்றவற்றில் ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. அவற்றுக்கு யோசனையே வேண்டாம்.

ஆகவே புதிய அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்று வந்தால் நான் முதலில் பார்ப்பது, அதன் உயிர் எங்கே இருக்கிறது என்பதை. மனிதர்களிடமும் அன்றாடத்திலும் இருந்தால் அன்றே தொடங்கிவிடுவேன். கடைசிப் புதிரில் இருந்தால், மூலக்கதை எழுதி முடிக்கப்பட்டதா, எடுப்பவர் எத்தனை சீசன் என்று சொல்லியிருக்கிறாரா, பணம் போடுபவர் அத்தனைக்கும் ஒப்புக்கொண்டாரா என்று தேடுவேன். டிரெய்லரைவிட இந்தத் தகவல்கள்தான் எனக்கு முக்கியம். ‘3 பாடி பிராப்ளம்’ மூன்றில் முதல் இரண்டையும் தாண்டியது. நாவல்கள் 2010-இலேயே முடிந்துவிட்டன. டேவிட் பெனியாஃப், டி.பி. வைஸ், அலெக்ஸாண்டர் வூ மூவரும் கதையைக் கடைசிவரை கொண்டுபோகவே விரும்புவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவதில் நின்றது. பிறகு அதே ஆண்டு மே மாதம், கதையை முடிக்கத் தேவையான எபிசோட்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் அனுமதி தந்தது. இன்னும் இரண்டு சீசன்கள் என்று பின்னர் தெரிந்தது. செய்தியை முதலில் அனுப்பியவன் என் அண்ணன் மகன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அவன் பார்த்துக் கொடுத்த மணி நேரமும் அந்த அனுமதிக்குள் இருக்கிறது என்று அவனிடமே சொன்னேன்.

“இப்பவாவது பாப்பீங்களா?”

“எல்லாம் வந்து சேரட்டும்டா. அதுவரைக்கும் புக்கு இருக்கு.”

வகுப்பில் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு வந்து, “மிஸ், நீங்க பாத்தீங்களா?” என்று கேட்கும் பிள்ளைகளிடம் ‘இல்லை’ என்றுதான் சொல்கிறேன். அவர்கள் பார்த்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். பள்ளியில் வைத்திருக்கும் என் நாவல் பிரதி கைமாறிக் கைமாறி அட்டை கழன்றுவிட்டது. முதல் பாகம் முடித்தவர்களுக்கு அடுத்த பாகத்தைக் கொடுக்கிறேன்.

அண்ணன் மகனும் நானும் போன மழைக்காலத்தில் ‘பாபிலோன் 5’ தொடங்கினோம். ஞாயிறு இரவு, அவன் பெங்களூரில், நான் இங்கே, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒரு எபிசோட். முதல் சீசனில் அவன் நெளிந்தான். தொண்ணூறுகளின் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ், பிளாஸ்டிக் போல மின்னும் கலங்கள், மேடை நாடகம் மாதிரி வசனம். நான் பொறு என்று மட்டும் சொன்னேன். இரண்டாம் சீசனின் கடைசிப் பகுதியில், லாண்டோ என்ற தூதர் சன்னல் ஓரம் நின்று, தன்னால் மூண்ட போரில் ஒரு கோளின் மேல் குண்டு விழுவதைப் பார்க்கும் காட்சி வந்தது. முதல் சீசன் முழுக்கக் கோமாளியாக வந்த மனிதர். எபிசோட் முடிந்ததும் அவன் போனை வைக்கவில்லை. முதல் சீசனில் லாண்டோ சொன்ன ஒரு கனவைப் பற்றிக் கேட்டான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்றான். இருக்கிறது, கடைசிவரை இருக்கிறது என்றேன். அப்படியென்றால் அடுத்ததையும் இன்றே பார்த்துவிடலாம் என்றான். மணி பதினொன்றரை, மறுநாள் எனக்கு முதல் பாடவேளை. போட்டுவிட்டோம்.